சுவருக்கும் சுமைக்கும் நடுவே ஒரு திருகாணி

மாணவர்களே, உங்கள் அறைச் சுவரை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'டக்' என்று இறுக்கமான ஒலி கேட்டு, விரலும் வலித்தால் அது கான்கிரீட் அல்லது செங்கல் சுவர். மேளத்தைத் தட்டியதுபோல் 'டொம்' என்று கேட்டால் அதன் உள்ளே காலி இடம் இருக்கிறது. அது பெரும்பாலும் ட்ரைவால் எனப்படும் ஜிப்சம் பலகைச் சுவராக இருக்கும்.

சிங்கப்பூரில் புதிய வீடுகள் சிலவற்றின் அறைத் தடுப்புகளும், வீட்டைப் புதுப்பிக்கும்போது எழுப்பும் தொலைக்காட்சிச் சுவர்களும் இப்படிப்பட்டவை. பார்வைக்கு அவை கான்கிரீட் சுவரைப் போலவே இருக்கும். ஒரே வண்ணம்தான் இரண்டின் மேலும் பூசப்பட்டிருக்கும். ஆனால் ஓர் அலமாரியை மாட்டும்போது இரண்டும் முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்ளும்.

சுவரில் நாம் எவற்றையெல்லாம் மாட்டுகிறோம்? படிப்பு மேசைக்கு மேலே புத்தகத் தட்டு. வரவேற்பறையில் தொலைக்காட்சி. சாமிப் படங்களும் விளக்கும் வைக்கும் பூசை அலமாரி. குழந்தை ஏறினாலும் கவிழாமலிருக்கச் சுவரோடு பிணைத்த துணி அலமாரி. இவற்றின் கீழே யாரோ ஒருவர் படிக்கிறார், உறங்குகிறார், விளையாடுகிறார். எனவே திருகாணி பிடிக்குமா பிடிக்காதா என்பதை ஊகத்துக்கு விடக்கூடாது. நீங்கள் வகுப்பில் படிக்கும் விசை, திருப்புத்திறன், அழுத்தம் ஆகிய மூன்றையும் கொண்டே இதைக் கணக்கிட்டுவிடலாம்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

ட்ரைவாலின் எலும்புக்கூடு, செங்குத்தாக நிறுத்திய மெல்லிய எஃகுச் சட்டங்கள். ஒரு சட்டத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு வழக்கமாக 400 அல்லது 600 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இந்தச் சட்டங்களின் இரு பக்கமும் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஜிப்சம் பலகைகளைத் திருகாணியால் பொருத்துகிறார்கள். நடுவே எஞ்சுவது காலி இடம். சில வேளைகளில் அதில் ஒலியைத் தடுக்கும் பஞ்சு அடைக்கப்பட்டிருக்கும்.

ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்ஃபேட். அதன் வாய்பாடு CaSO₄·2H₂O. இதன் நிறையில் ஏறக்குறைய 21 விழுக்காடு, படிகத்துக்குள் பிணைந்திருக்கும் நீர். சுமார் 150 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் அந்த நீரில் முக்கால் பங்கு வெளியேறி, வெண்ணிறத் தூளாகும். அதுதான் 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்'. பாரிஸ் நகரின் மோமார்த்ர் பகுதியில் ஜிப்சம் மிகுதியாகத் தோண்டப்பட்டதால் வந்த பெயர் அது. தூளில் மறுபடி நீர் சேர்த்தால் ஊசி ஊசியான படிகங்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகும்.

இந்தக் கலவையை இரண்டு தாள்களுக்கு நடுவே பரப்பிக் கெட்டியாக்கினால் பலகை கிடைக்கும். தாளையும் பிளாஸ்டரையும் இப்படி அடுக்கிப் பலகை செய்யும் முறைக்கு அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட் 1894ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

இதை ஏன் கட்டுமானத் துறை விரும்புகிறது? முதலாவது, எடை. ஒரு சதுர மீட்டர் ஜிப்சம் பலகை ஏறக்குறைய 8 கிலோகிராம்தான். 100 மில்லிமீட்டர் தடிப்புள்ள கான்கிரீட் சுவர் அதே பரப்புக்கு 240 கிலோகிராம் இருக்கும். இரண்டாவது, தீத்தடுப்பு. மேற்சொன்ன 8 கிலோகிராம் பலகையில் ஒன்றரை லிட்டருக்கும் மேலான நீர் படிகமாக ஒளிந்திருக்கிறது. தீப்பிடித்தால் முதலில் அந்த நீர் ஆவியாகி வெளியேற வேண்டும். அதுவரை பலகையின் மறுபக்கம் கடுமையாகச் சூடேறாது.

ஆனால் ஜிப்சம் மென்மையானது. கனிமங்களின் கடினத்தன்மையைக் காட்டும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 2. நகத்தால்கூடக் கீறலாம். அழுத்தினால் ஓரளவு தாங்கும், இழுத்தால் எளிதில் உடையும். இழுவிசையைத் தாங்குவது அதன் மேல் ஒட்டியிருக்கும் தாள்தான். கான்கிரீட்டுக்குள் எஃகுக் கம்பி செய்யும் வேலையை இங்கே தாள் செய்கிறது. தாள் கிழிந்த இடத்தில் பலகை வெறும் சுண்ணாம்புக் கட்டிபோல் நொறுங்கும். இதை மறக்காதீர்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

கீழே இழுக்கும் விசை, வெளியே பிடுங்கும் விசை

சுவரில் மாட்டிய ஒரு பொருள் திருகாணியின் மீது இரண்டு விதமான விசைகளைச் செலுத்துகிறது. ஒன்று, சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி இழுப்பது. இது பொருளின் எடைக்குச் சமம். மற்றொன்று, திருகாணியைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்குவது. இது எடையை மட்டும் பொறுத்ததல்ல. எடை சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

3 கிலோகிராம் எடையுள்ள படச்சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுவரோடு ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. அதன் ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கும். எனவே பிடுங்கும் விசை மிகக் குறைவு. படங்களை மாட்டுவது எளிதாக இருப்பதன் காரணம் இதுதான்.

புத்தகத் தட்டு அப்படியல்ல. எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என வைத்துக்கொள்வோம்.

தட்டும் புத்தகங்களும் சேர்ந்து 6 கிலோகிராம். எடை 60 நியூட்டன். தட்டின் அகலம் 200 மில்லிமீட்டர். புத்தகங்கள் சீராக அடுக்கப்பட்டிருந்தால் ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து 100 மில்லிமீட்டர், அதாவது 0.10 மீட்டர் தொலைவில் இருக்கும். தட்டைத் தாங்கும் 'எல்' வடிவத் தாங்கியின் கீழ் முனை சுவரில் அழுந்தி நிற்கிறது. அதுவே சுழல் புள்ளி. மேல் திருகாணி அந்தப் புள்ளியிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

எடையின் திருப்புத்திறன் = 60 × 0.10 = 6 நியூட்டன் மீட்டர்

இதைச் சமன்செய்ய மேல் திருகாணிகள் தரவேண்டிய விசை = 6 ÷ 0.15 = 40 நியூட்டன்

இரண்டு தாங்கிகள் இருந்தால் ஒவ்வொரு மேல் திருகாணிக்கும் 20 நியூட்டன். பயப்பட ஒன்றுமில்லை. இனி நிலைமையைச் சற்று மாற்றிப் பார்ப்போம்.

கனமான புத்தகங்களைத் தட்டின் முன்விளிம்புக்குத் தள்ளினால் ஈர்ப்பு மையம் 0.18 மீட்டருக்கு நகரலாம். திருப்புத்திறன் 10.8 ஆகும். பிடுங்கும் விசை 72 நியூட்டன். ஒரு புத்தகம்கூடக் கூடவில்லை, ஆனால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

இப்போது 300 மில்லிமீட்டர் உயரமுள்ள தாங்கியை மாற்றுங்கள். அதே 10.8 திருப்புத்திறனை 0.30ஆல் வகுத்தால் 36 நியூட்டன்தான். தாங்கி உயரமாக இருந்தால் திருகாணிக்கு வேலை குறைகிறது.

மூன்றாவது நிலைமைதான் கவலைக்குரியது. பழைய 150 மில்லிமீட்டர் தாங்கி. 20 கிலோகிராம் எடையுள்ள தம்பி ஒருவன் தட்டின் முன்விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறான். 200 நியூட்டன், 0.20 மீட்டர் தொலைவில். அவனால் மட்டும் 40 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் உண்டாகிறது. அதற்கான பிடுங்கும் விசை ஏறக்குறைய 267 நியூட்டன். ஏற்கெனவே இருந்த 40ஐயும் கூட்டினால் 307 நியூட்டன். முதல் கணக்கைவிட ஏழு மடங்குக்கும் மேல்! அவன் துள்ளினால் இன்னும் கூடும். தட்டு மாட்டும்போது புத்தகங்களுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது என்பது இதனால்தான்.

தொலைக்காட்சியை முன்னே இழுக்கும் கைத்தாங்கியிலும் இதே கதைதான். 15 கிலோகிராம் தொலைக்காட்சி, சுவரில் பொருத்திய தகட்டின் உயரம் 200 மில்லிமீட்டர் என வைத்துக்கொள்ளுங்கள். கையை மடக்கி, எடை சுவரிலிருந்து 80 மில்லிமீட்டரில் இருக்கும்போது மேல் திருகாணிகள் மீதான பிடுங்கும் விசை 60 நியூட்டன். கையை 400 மில்லிமீட்டருக்கு நீட்டினால் 300 நியூட்டன். மாட்டிய அன்று நன்றாக நின்றது, ஒருநாள் கையை இழுத்தபோது சுவர் பெயர்ந்தது என்றால் காரணம் இந்த ஐந்து மடங்குதான்.

பிளக் எப்படிப் பிடிக்கிறது?

கான்கிரீட் சுவரில் துளையிட்டு, அதில் பிளாஸ்டிக் பிளக்கை நுழைத்து, பிறகு திருகாணியை முடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். திருகாணி உள்ளே செல்லும்போது பிளக் விரிந்து, துளையின் பக்கங்களை அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட உராய்வு கூடும். அந்த உராய்வுதான் திருகாணியை வெளியே வரவிடாமல் பிடிக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் நைலான் பிளக்கை 1958ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஜெர்மானியரான ஆர்தர் ஃபிஷர். வாழ்நாளில் 1,000க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றவர் அவர்.

அதே பிளக்கை ட்ரைவாலில் நுழைத்தால் என்ன ஆகும்? பிளக் விரிகிறது. ஆனால் எதிர்த்து அழுத்தக் கான்கிரீட் இல்லை. மென்மையான ஜிப்சம் நொறுங்கித் தூளாகிறது. துளை பெரிதாகிறது. மேலும் பிளக்கின் நீளத்தில் பாதிக்கு மேல் பலகையைக் கடந்து காலி இடத்தில் நிற்கிறது. அந்தப் பகுதியால் எந்தப் பயனும் இல்லை. முதல் நாள் இறுக்கமாகத் தெரியலாம். சிறு சிறு அதிர்வுகளில் தூள் உதிர்ந்து, சில வாரங்களில் திருகாணி ஆடத் தொடங்கும்.

ஆகவே ட்ரைவாலுக்கு வேறு வழிகள் தேவை. அவை மூன்று.

முதல் வழி: சட்டத்தைப் பிடியுங்கள். கனமான பொருளுக்கு இதுவே முதல் தேர்வு. பலகையைத் துளைத்து உள்ளே இருக்கும் எஃகுச் சட்டத்தில் திருகாணி ஏறினால் சுமை எலும்புக்கூட்டுக்குச் சென்றுவிடும். பலகை வெறும் தோல்தான். சட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வலுவான சிறு காந்தம் போதும். சுவரில் மெல்ல நகர்த்துங்கள். பலகையைச் சட்டத்தோடு இணைத்த திருகாணிகள் மீது வரும்போது காந்தம் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் மேலும் கீழும் கிடைத்தால் அங்கே சட்டம் இருக்கிறது.

இரண்டாவது வழி: சுமையைப் பரப்புங்கள். நீங்கள் விரும்பும் இடத்தில் சட்டம் இல்லாவிட்டால் 'டாகிள் போல்ட்' உதவும். இதன் முனையில் மடங்கும் இறக்கைகள் அல்லது ஒரு குறுக்குத் தகடு இருக்கும். துளை வழியாக மடங்கிய நிலையில் உள்ளே சென்று, பலகையின் பின்பக்கத்தில் விரிந்துகொள்ளும். இது உராய்வை நம்பி நிற்பதில்லை. பலகையின் முதுகை அணைத்துப் பிடிக்கிறது.

மூன்றாவது வழி: இலேசான பொருளுக்கு மட்டும், அகன்ற மரையுள்ள ட்ரைவால் பிளக். தடித்த திருகுபோல் இருக்கும் இது தானே துளைத்துக்கொண்டு உள்ளே செல்லும். அகன்ற மரை அதிக அளவு ஜிப்சத்தைப் பற்றிக்கொள்ளும். கடிகாரம், சிறிய படம் போன்றவற்றுக்கு நன்று. தட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்றதல்ல.

வீட்டைப் புதுப்பிக்கும் கட்டத்திலேயே யோசித்தால் இன்னொரு நல்ல வழியும் உண்டு. தொலைக்காட்சியோ பூசை அலமாரியோ வரப்போகும் இடத்தில், ஜிப்சம் பலகைக்குப் பின்னால் ஒட்டுப்பலகை ஒன்றைச் சட்டங்களோடு பொருத்தச் சொல்லலாம். சுவர் மூடிய பிறகு வெளியே எதுவும் தெரியாது. ஆனால் திருகாணிக்குப் பிடிக்க மரம் கிடைக்கும்.

பரப்பு செய்யும் மாயம்

டாகிள் போல்ட்டின் வலிமை எங்கிருந்து வருகிறது? அழுத்தம் = விசை ÷ பரப்பு. 100 நியூட்டன் விசை, 50 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள சிறு தலையின் வழியாகப் பலகையில் அழுந்தினால் அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன். அதே விசை 600 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள குறுக்குத் தகட்டின் வழியாகச் சென்றால் 0.17 நியூட்டன்தான். பன்னிரண்டில் ஒரு பங்கு!

அதோடு, தகடு பின்பக்கத்திலிருந்து அழுத்துவதால் நடுவே உள்ள ஜிப்சம் அமுங்குகிறது. அமுக்கத்தைத் தாங்குவது அதற்கு எளிது. முன்பக்கத் தாள் இழுபடுகிறது. இழுவிசையைத் தாங்குவது அதன் வேலை. இரண்டும் தத்தமக்கு வந்த வேலையைச் செய்கின்றன.

செய்து பாருங்கள்

அட்டைப் பெட்டியின் அட்டையும் ட்ரைவாலைப் போன்றதே. இரண்டு தாள்கள், நடுவே வலுக்குறைந்த பகுதி. எனவே சுவரைத் துளைக்காமலே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

தேவையானவை: ஒரே பெட்டியிலிருந்து வெட்டிய மூன்று அட்டைத் துண்டுகள், தூண்டில் நூல், தடித்த ஊசி, சட்டைப் பொத்தான், ஐஸ்கிரீம் குச்சியின் 4 சென்டிமீட்டர் துண்டு, 1.5 லிட்டர் பிளாஸ்டிக் போத்தல், அளவுக் குவளை, வாளி.

செய்முறை: இரண்டு நாற்காலிகளுக்கு இடையே அட்டையைப் பாலம்போல் வைத்து, ஓரங்களை அசையாமல் பிணையுங்கள். அட்டையின் நடுவே ஊசியால் துளையிட்டு நூலைச் செலுத்துங்கள். முதல் அட்டையில் நூலின் மேல் முனையில் முடிச்சு மட்டும் போடுங்கள். இரண்டாவதில் பொத்தானைக் கட்டுங்கள். மூன்றாவதில் குச்சித் துண்டைக் குறுக்காகக் கட்டுங்கள். கீழ் முனையில் காலிப் போத்தலைத் தொங்கவிட்டு, அடியில் வாளியை வையுங்கள். ஒவ்வொரு முறையும் 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றுங்கள். அது 1 நியூட்டன் எடைக்குச் சமம். நூல் அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்போது எவ்வளவு நீர் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முழுப் போத்தல் நீருக்கும் அட்டை கிழியவில்லையா? "15 நியூட்டனுக்கு மேல்" என்று எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான். ஒவ்வொன்றையும் புதிய அட்டையில் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு அட்டையைச் சற்று ஈரமாக்கி மறுபடி செய்யுங்கள். எண்கள் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள்.

ஈரச் சோதனை வெறும் விளையாட்டல்ல. நமது ஊரின் ஈரப்பதம் உங்களுக்குத் தெரியும். ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையும். தாளும் ஈரத்தில் வலுவிழக்கும். நீர் கசிந்து ஊறிய பலகை, காய்ந்த பிறகும் பழைய வலிமையோடு இருக்கும் என்று நம்பக்கூடாது. கறையோ உப்பலோ உள்ள இடத்தில் எதையும் மாட்டாதீர்கள்.

துளையிடும் முன்

துளையிடும் வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள். ஆனால் கீழே உள்ளவற்றை அவர்களிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

• இது எந்தச் சுவர்? தட்டியும் காந்தம் வைத்தும் பார்த்தாயிற்றா? கனமான இரும்புக் கதவு கொண்ட புகலிட அறையின் சுவர்களுக்குத் தனி விதிமுறைகள் உண்டு. அவற்றைப் படிக்காமல் துளையிடக்கூடாது.

• மின்கம்பி எங்கே போகிறது? சுவிட்சுக்கும் மின்செருகிக்கும் நேர் மேலும் நேர் கீழும் கம்பி செல்ல வாய்ப்பு அதிகம். அந்தக் கோட்டைத் தவிர்க்க வேண்டும். குளியலறையை ஒட்டிய சுவரில் நீர்க்குழாய் இருக்கலாம்.

• பிளக்கின் உறையில் போட்டிருக்கும் எண் எதற்கு? "20 கிலோகிராம்" என்றால் எந்தத் தடிப்புள்ள பலகையில், கீழே இழுக்கும் விசைக்கா, வெளியே பிடுங்கும் விசைக்கா? அது உடையும் எல்லையா, பாதுகாப்பாகத் தாங்கும் அளவா? உடையும் எல்லை என்றால் அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சுமத்தாமலிருப்பது நல்லது.

• ஒட்டும் கொக்கி போதாதா? அது பிடித்திருப்பது சுவரை அல்ல, சுவரின் வண்ணப்பூச்சை. பூச்சு உரிந்தால் கொக்கியும் வரும். சாவிக்கொத்துக்குச் சரி, அலமாரிக்கு ஆகாது.

மாட்டிய பிறகும் வேலை முடியவில்லை. மாதம் ஒருமுறை சுவரைப் பாருங்கள். தாங்கியின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே கோடுபோல் இடைவெளி தெரிகிறதா? திருகாணியைச் சுற்றி வண்ணம் வெடித்திருக்கிறதா? தரையில் வெள்ளைத் தூள் விழுந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முதலில் சுமையை இறக்குங்கள். பிறகு காரணம் தேடலாம். அதே துளையில் பெரிய திருகாணியை முடுக்குவது தீர்வல்ல. நொறுங்கிய ஜிப்சத்தில் எதுவும் பிடிக்காது.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. பூசை அலமாரி ஒன்று படங்கள், விளக்கோடு சேர்த்து 4 கிலோகிராம். ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து 150 மில்லிமீட்டர். மேல் திருகாணிகள் சுழல் புள்ளியிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளன. பிடுங்கும் விசை எவ்வளவு?

2. தட்டைத் தாங்கும் 'எல்' வடிவத் தாங்கியின் நீளமான கையைச் சுவரில் பொருத்துவது நல்லதா, தட்டின் அடியில் பொருத்துவது நல்லதா? திருப்புத்திறனைக் கொண்டு விளக்குங்கள்.

3. உயரமான துணி அலமாரி தரையில்தான் நிற்கிறது. அதன் எடையைச் சுவர் தாங்கவில்லை. பிறகு ஏன் அதன் மேற்பகுதியைச் சுவரோடு பிணைக்க வேண்டும்? ஒரு குழந்தை இழுப்பறைகளைத் திறந்து படிபோல் ஏறினால் ஈர்ப்பு மையம் எந்தப் பக்கம் நகரும் என்று யோசியுங்கள்.

விடைகள்: (1) 40 × 0.15 ÷ 0.20 = 30 நியூட்டன். (2) நீளமான கை சுவரில் இருப்பது நல்லது. சுழல் புள்ளிக்கும் மேல் திருகாணிக்கும் இடைத்தொலைவு கூடுவதால் பிடுங்கும் விசை குறையும். ஆனால் தட்டின் அடியில் உள்ள கை, தட்டைத் தாங்கும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். (3) ஈர்ப்பு மையம் முன்பக்கம் நகர்ந்து அலமாரியின் முன்விளிம்பைத் தாண்டினால் அது கவிழும். பிணைப்பு எடையைத் தாங்குவதற்கல்ல, அந்தக் கவிழ்வைத் தடுப்பதற்கு. உங்கள் வீட்டு அலமாரி பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.